"ஹெச்டிஎம்ஐ இருக்குண்ணா" என்றால் நம்பி வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் என் அக்கா மகள் டிவியில் ஒரு பாட்டு நிகழ்ச்சியில் பாடினாள். ஞாயிறு ராத்திரி ஒளிபரப்பு. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படியே பதிவு பண்ணி வைடா, பெரியம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டணும்" என்றார். அதற்காகத்தான் சனிக்கிழமை வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அட்டையில் பெரிதாக 'புல் ஹெச்டி 1080'. செட்டாப் பாக்ஸிலிருந்து ஹெச்டியில் பதிவாகுமா என்று தெளிவாகவே கேட்டேன். "ஹெச்டிஎம்ஐ இருக்குண்ணா, பாருங்க" என்று, ஹெச்டி படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் அந்தப் போர்ட்டைக் காட்டினார். கடை டிவியில் மாட்டி, ஒரு பென் டிரைவிலிருந்து படமும் ஓட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. 3,200 ரூபாய். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணா" என்றார். சரி என்று ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து பார்த்தால், அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட் 'அவுட்'. பெட்டியிலிருந்து டிவிக்குப் போவதற்கு மட்டும்தான். செட்டாப் பாக்ஸிலிருந்து உள்ளே வாங்குவதற்கு இருந்தவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர்கள். படம் வருகிற அந்த மஞ்சள் வயரில் ஹெச்டி வரவே வராது. நம் ஊர் டிவியின் பழைய 'பால்' (PAL) முறையில் அதில் வருவது, புல் ஹெச்டியின் 1080 கோடுகளுக்குப் பதில் 576 கோடுகள். இந்தப் பெட்டி அதை இழுத்துப் பெரிதாக்கி 1080 என்று சேமித்துவிடுகிறது. பைலின் விவரத்தைப் பார்த்தால் 1920 x 1080 என்றே காட்டும், படம் மட்டும் கலங்கலாக இருக்கும். கடையில் பளிச்சென்று ஓடியது பென் டிரைவில் முன்பே ஏற்றி வைத்திருந்த படம். பதிவு செய்து காட்டச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு ராத்திரி பதிவானதில் குழந்தையின் கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை போய்க் கேட்டால், "வித்த பொருளை எடுக்க மாட்டோம். 2,000 மேல போட்டு 'இன்' இருக்கிறதை வாங்கிக்கோங்க" என்கிறார்! நல்லவேளை, எங்கள் தெருவில் கேபிள் வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். கட்டணச் சேனல்களின் படம் பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐயில் வரும்போது பெரும்பாலும் நகல் எடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி என்ற பூட்டோடுதான் வருமாம். அதை மதிக்கும் கருவியில் மாட்டினால் கறுப்புத் திரைதான். இன்னொரு 2,000 போயிருக்கும்.

முதலில் உங்கள் செட்டாப் பாக்ஸிலேயே யூஎஸ்பி பதிவு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சேனல் வருகிறபடியே பதிவாவதால் தரம் குறையாது. நொடிக்கு 8 மெகாபிட்டில் வரும் சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி இடம் வேண்டும். ஆனால் கட்டணச் சேனல் பதிவு பொதுவாக அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பெரியம்மா வீட்டு டிவியில் ஓடாது. கடையில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

பில் இல்லையே என்று நான் விடப்போவதில்லை. குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபே பதிவையும் அட்டையின் போட்டோவையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரிப் பெட்டியை வாங்கி ஏமாந்தவர்கள் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், '1080' என்று அச்சடித்திருப்பது அதில்தான்.