இரணைமடு, முல்லைத்தீவு, மன்னார்: எழுத்து முடிந்த இருவருக்கு எது சரி?

எங்களுக்கு எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, முடிந்தது கார்த்திகையில். கல்யாணம் ஆவணியில். நான் கிளிநொச்சி, இவர் வவுனியா. நடுவில் ஏ9 வீதியில் எண்பது கிலோமீற்றருக்குக் கிட்ட இருக்கிறது. இருவருக்கும் ஓய்வு ஞாயிறு மட்டும். அம்மாவின் நிபந்தனையும் ஒன்றுதான்: "இருட்டுறதுக்கு முதல் படலைக்குள்ள நிக்க வேணும்."

ஆகவே கூடாரம் அடித்து இரவு தங்குகிற கதையெல்லாம் இங்கே இல்லை. அம்மா சொல்லாவிட்டாலும் வன்னியில் பொழுதுபட்ட பிறகு காட்டு வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவது புத்தியில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் யானை நடுவீதியில் நின்றால் அது போகும்வரை நாங்களும் நிற்க வேண்டியதுதான். விடிய வெளிக்கிட்டு ஆறு மணிக்குள் திரும்பக்கூடிய மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டோம். எங்களைப் போல எழுத்துக்கும் தாலிக்கும் இடையில் நிற்கிற ஆட்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

முதலில் இரணைமடு, ஏனென்றால் கிட்ட. டவுனிலிருந்து கால் மணித்தியாலத்தில் குளக்கட்டில் நிற்கலாம், பெற்றோல் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆற்றை மறித்தபோது இரண்டு மடுக்கள் ஒன்றாகச் சேர்ந்த குளம் இது, நூறு வயது தாண்டிவிட்டது. பெயரைக் கேட்டதுமே இவருக்குப் பிடித்துப்போனது. மார்கழியில் போனோம். வான்கதவு திறந்திருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது. கட்டு நீளத்துக்கும் நடந்தால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் பச்சை வயல். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். அழகில் இதை அடிக்க எங்கள் மாவட்டத்தில் வேறு இடம் இல்லை.

ஆனால் இது என் ஊர்க் குளம். கட்டில் இருபது அடி நடந்திருக்க மாட்டோம், சைக்கிள் காண்டிலில் மீன் பையோடு வந்த ஐயா ஒருவர் காலை ஊன்றி நின்றார். "பிள்ளை, நீர் ரீச்சரின்ர மகளெல்லே?" ஓம் என்றேன். இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "தம்பி எந்த ஊர்?" ஊர், வேலை, தகப்பன் பெயர், சகோதரங்கள் எத்தனை, எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சைக்கிளை மிதித்தார். அவர் போக ஒரு மாமி, மாமி போக என்னோடு படித்தவள் ஒருத்தி. நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் கதைத்தது மொத்தமாகப் பத்து நிமிடம் வருமோ தெரியாது. வீட்டுக்குப் போனால் இவர் போட்டிருந்த சேட்டின் நிறம்கூட அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்றால் இரணைமடுவுக்குக் கூட்டிப் போங்கள், ஒரு நாளில் வேலை முடிந்துவிடும்.

மன்னார் இதற்கு நேர்மாறு. பூநகரி வழியாக ஏ32 வீதியைப் பிடித்தால் போக வர 200 கிலோமீற்றருக்கு மேல். இவர் சனிக்கிழமையே வந்து தன் பெரியம்மா வீட்டில் தங்கினார். நான் இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டினேன். ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். மாசி மாதம், வெயில் இன்னும் ஏறவில்லை. முழங்காவில் தாண்டினால் பற்றைக்காடும் வெளியும்தான், கடை கண்ணி குறைவு. இலுப்பைக்கடவைக்குக் கிட்ட பின் ரயரில் காற்றுப் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கில் மன்னாருக்குக் கிடைத்த புள்ளியில் பாதி இந்தப் பஞ்சருக்குத்தான். பக்கத்தில் ஒட்டுகிற கடை இல்லை. இவர் ஏசவில்லை, வீதியைத் திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் கொழுவிவிட்டு, "நீர் நிழலில நில்லும், நான் உருட்டிக்கொண்டு போறன்" என்றார். நான் நிற்கவில்லை. பின்னால் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். அந்த நடையில்தான் இவருடைய தகப்பன் கடன்பட்ட கதை, இவர் படிப்பை இடையில் விட்ட காரணம் எல்லாம் வெளியே வந்தது. எழுத்தன்று பெரியவர்கள் பேசியதில் இவை ஒன்றும் இல்லை. எரிச்சல் வந்தால் இவர் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பார் என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தேன்.

வங்காலைப் பக்கம் களப்பில் பூநாரைகள் நின்றன, தூரத்தில் யாரோ றோஸ் நிறச் சேலையை விரித்துவிட்டது போல. பள்ளிமுனையில் அந்தப் பெருக்கமரம். அடியின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். இருவரும் கையை விரித்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம், மரத்தின் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. "இன்னும் பத்துப் பேர் வேணும்" என்றார். "சம்மந்தி வீட்டாரைக் கூப்பிடுவம்" என்றேன். மிச்சமிருந்த இடியப்பத்தைப் பார்சல் கடதாசியோடு சேர்த்து ஒரு கழுதை தின்றது. மன்னார் கழுதைகளுக்கு வெட்கம் கிடையாது. தலைமன்னார் இறங்குதுறையில் நின்றோம். 1914 இல் தனுஷ்கோடிக்கு ஓடத் தொடங்கிய கப்பல் இப்போது இல்லை. 1990 இல் நின்ற ரயில் மட்டும் 2015 இல் திரும்பி வந்துவிட்டது. முப்பது காற்றாலைகள் கரையோரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அரிப்பு என்கிற ஊரில் அல்லிராணிக் கோட்டையைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, பஞ்சர் தின்றுவிட்டது. அங்கே யாரும் எங்களிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்க யாருக்கும் மகளாக இல்லாமல் இருந்த நாள் அது. படலையைத் திறக்க ஏழு மணி ஆகிவிட்டது. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இடையில் சுண்டிக்குளமும் போனோம். பறவைகளுக்கென்று 1938 இலேயே ஒதுக்கிய இடம், 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. பறவை பார்க்கிற ஆட்களுக்கு நல்லது. மணலில் மோட்டார் சைக்கிள் புதைந்தது, நிழல் இல்லை. இதைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

முல்லைத்தீவைத் தூரத்தில் அளந்தால் இது நடுவில்தான் வரும். பரந்தனில் திரும்பினால் ஐம்பது கிலோமீற்றர் அளவு. ஆனால் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று ஊர்கள் வரிசையாக வரும்போது அந்தத் தூரத்தை ஓடோமீற்றர் காட்டுவதில்லை. வைகாசியில் போனோம். புதுக்குடியிருப்பு தாண்டியதும் நான் கதைப்பதை நிறுத்திவிட்டேன். வட்டுவாகல் பாலத்தில் இவர் வேகத்தைக் குறைத்தார். 2009 இல் இந்தப் பாலத்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தபோது எனக்கு எட்டு வயது. இவர் அப்போது வவுனியாவில் பள்ளிக்கூடப் பையன். செட்டிகுளம் முகாமுக்குப் போன பஸ்களை வீதியோரம் நின்று பார்த்தவர். "அதில ஒரு பஸ்ஸில நீர் இருந்திருப்பீர் என்ன?" என்று கேட்டார். இருந்திருப்பேன். நந்திக்கடலில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்.

பிறகு வட்டாப்பளை. கண்ணகை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற கோவில். பொங்கல் நாளில் போனால் சனத்துக்குள் ஒருவரை ஒருவர் தேடவே நேரம் போகும், வேறு நாளில் போங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் சனம் ஐதாக இருந்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலத்தில் இந்தக் கரை அப்படித்தான். மேற்குக் கரைத் தொழிலாளிகளே வள்ளத்தோடு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். வாடை தொடங்கினால் கதை மாறும், ஐப்பசி தொடக்கம் தை வரை இங்கே காலை நனைக்கவும் வேண்டாம். அந்த மாதங்களுக்கு மன்னார்.

சரி, எது முதலிடம்? ஆளை அறிய வேண்டும் என்றால் மன்னார், சந்தேகமே இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் போதும், பழுதில்லாத ரயரோடு போங்கள். இரணைமடுவைக் கல்யாணத்துக்குப் பிறகுக்கு வைத்துக்கொள்ளலாம். முல்லைத்தீவுக்கு நான் புள்ளி போடவில்லை. ஆனால் ஆவணிக்கு முன்னால் மிச்சம் இருக்கிற ஞாயிறுகளில் எங்கே போவது என்று இவர் கேட்டபோது என் வாயில் வந்தது அதுதான்.

திரும்பும் வழியில் பாலைப்பழம் வாங்கி வருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன், இப்போது காலம்தானே. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை வைத்துவிட்டு, "வட்டுவாகலாலயோ போறியள்?" என்று கேட்டா. ஓம் என்றேன். அன்று நடந்து வந்த பிறகு அம்மா அந்தப் பக்கம் போனதே இல்லை. கொஞ்சம் பொறுத்து, "தம்பியிட்டக் கேட்டுப் பார், நானும் வரட்டோ எண்டு" என்றா.

ஓட்டோ ஒன்று பேசியிருக்கிறோம்.