பல்ஸ் அகலம் அளக்க: பல்ஸ்இன்னா, மைக்ரோஸா, இன்புட் கேப்ச்சரா?

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஓடும் சிப் ஏடிமெகா328பி, வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். ரேடியோ ரிசீவரிலிருந்து வரும் 1 முதல் 2 மில்லி செகண்ட் சர்வோ பல்ஸை (சர்வோ மோட்டாரின் நிலையைச் சொல்லும் சிக்னல்) அதில் அளக்க மூன்று வழிகள்.

பல்ஸ்இன் (pulseIn) ஆர்டுயினோவின் தயார் கட்டளை, ஒரே வரி, எந்தப் பின்னிலும் வேலை செய்யும். பல்ஸ் முடியும்வரை நிரல் அங்கேயே நிற்கும். ஒயர் கழன்றிருந்தால் ஒரு செகண்ட் வீண். காத்திருக்கும் வரம்பான டைம்அவுட்டை 25,000 மைக்ரோ செகண்டாகக் குறைத்துவிடுங்கள். இது லூப் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. 1.024 மில்லி செகண்டுக்கு ஒருமுறை டைமர்0 இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து வேறு வேலை செய்யவைக்கும் அழைப்பு) குறுக்கே வரும்போது எண்ணிக்கை நின்றுபோவதால், சில மைக்ரோ செகண்ட் குறைவாகக் காட்டும்.

பின்னில் சிக்னல் மாறும்போது எழும் வெளி இன்டரப்டோடு, ஓடிய நேரத்தைச் சொல்லும் மைக்ரோஸ் (micros) சேர்த்தால் நிரல் நிற்காது. ஆனால் மைக்ரோஸ் 4 மைக்ரோ செகண்ட் படியில்தான் நகரும். வேறொரு இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது விளிம்பு (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் கணம்) வந்தால் இன்னும் பிசகும். சர்வோ பல்ஸுக்கு இதுவே தாராளம்.

இன்புட் கேப்ச்சரில் விளிம்பு வந்த கணத்தை வன்பொருளே பதிந்துகொள்ளும். இன்டரப்ட் தாமதித்தாலும் அளவு கெடாது. பின் 8 மட்டும்தான். டைமர்1 இதற்கே போய்விடுவதால் 9, 10-இல் பிடபிள்யூஎம் (பல்ஸ் அகலத்தை மாற்றி வெளியீட்டைக் கட்டுப்படுத்துவது) கிடையாது, சர்வோ லைப்ரரியும் கிடையாது. கடிகார வேகத்தை வகுக்கும் பிரீஸ்கேலர் 1 என்றால் படி 62.5 நானோ செகண்ட், 4.096 மில்லி செகண்டில் டைமர் நிரம்பிவிடும். 8 என்றால் 0.5 மைக்ரோ செகண்ட், 32.768 மில்லி செகண்ட். விளிம்பின் திசையை மாற்றியதும் கேப்ச்சர் நடந்ததைக் காட்டும் ஐசிஎஃப்1 கொடியில் 1 எழுதி அழிக்க வேண்டும், மறந்தால் பொய் கேப்ச்சர் வரும். பலரும் சறுக்குவது ஓவர்ஃப்ளோவில், அதாவது டைமர் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்போது. டைமர் நிரம்பியதும் விளிம்பும் ஒட்டி வந்தால் கேப்ச்சர் இன்டரப்டே முதலில் ஓடும். அங்கே ஓவர்ஃப்ளோவைக் காட்டும் டிஓவி1 கொடி ஏறியிருந்து, பதிவான எண் 32,768-க்குக் கீழே இருந்தால், ஒரு ஓவர்ஃப்ளோவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் படி நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு. வெறும் சிப்பின் உள் ஆர்சி (மின்தடை-மின்தேக்கி) கடிகாரம் ஆலை அளவீட்டில் ±10% வரை தவறலாம்: 1 மில்லி செகண்டில் 100 மைக்ரோ செகண்ட். அதன்மேல் 62.5 நானோ செகண்ட் படி வெறும் அலங்காரம். ஊனோவில் இருப்பது செராமிக் ரெசொனேட்டர், ±0.5%, அதாவது 5 மைக்ரோ செகண்ட். ±30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) கிரிஸ்டல் போட்டால் 0.03 மைக்ரோ செகண்ட்.

ரெசொனேட்டரை மாற்ற முடியாதென்றால் ஜிபிஎஸ் மாட்யூலின் செகண்டுக்கொரு பல்ஸைப் பின் 8-க்குக் கொடுங்கள். பிரீஸ்கேலர் 1-இல் இரு ஏறு விளிம்புகளுக்கு இடையே 244 ஓவர்ஃப்ளோவும் 9,216-உம், ஆக 1,60,00,000 வரவேண்டும். 1,60,32,000 வந்தால் போர்டு 0.2% வேகம், அளவுகளை 1.002-ஆல் வகுத்தால் போதும். பெட்டி சூடேறினால் மறுபடி அளக்கணும்.