மீன்தொட்டிச் செடிகளுக்கு உரக்கடை உப்புகள்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

மதுரையில் பிளாண்டட் டேங்க், அதாவது நிஜச் செடி வளரும் மீன்தொட்டி, வைத்திருப்பவர்களுக்கு உரம் வாங்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மீன்கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் பாட்டில் உரம். இன்னொன்று, ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும் உரக்கடைகளில், மல்லிக்கும் வாழைக்கும் சொட்டுநீரில் விடுவதற்காக விற்கும் கரையும் உர உப்புகள். இந்த விமர்சனம் இரண்டாவதைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றுக்கும் உரக்கடையை மிஞ்ச எதுவுமில்லை. இரும்பு, துத்தநாகம், செம்பு போன்றவை சேர்ந்த நுண்ணூட்டக் கலவையை மட்டும் அங்கே வாங்கக்கூடாது.

வாங்க வேண்டியது மூன்றே பாக்கெட். கடையில் வேதிப்பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள்: 13-0-45, 0-52-34, 0-0-50. முதலாவது பொட்டாசியம் நைட்ரேட், இரண்டாவது எம்.கே.பி. எனப்படும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மூன்றாவது எஸ்.ஓ.பி. எனப்படும் பொட்டாசியம் சல்பேட். சீல் வைத்த ஒரு கிலோ பாக்கெட்டாகவே வாங்குங்கள். 25 கிலோ மூட்டையைப் பிரித்து லூஸில் கட்டித் தருவதை வாங்காதீர்கள். மூன்றுமே வெள்ளைத் தூள், கடையிலேயே மாறிப்போனாலும் யாருக்கும் தெரியாது.

பாக்கெட்டில் உள்ள எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் எண் நைட்ரஜன் சதவிகிதம், நடு எண் பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு கணக்கு, கடைசி எண் பொட்டாசியம் ஆக்ஸைடு கணக்கு. தொட்டிக்கு நமக்கு வேண்டியது வேறு கணக்கு. முதல் எண்ணை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட், நடு எண்ணை 1.34-ஆல் பெருக்கினால் பாஸ்பேட், கடைசி எண்ணை 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம். ஆக 13-0-45 என்றால் ஏறக்குறைய 58 சதவிகிதம் நைட்ரேட், 37 சதவிகிதம் பொட்டாசியம். முதல் எண்ணைப் பெருக்கும் கணக்கு, தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டாக இருக்கும் உப்புக்கு மட்டுமே பொருந்தும்.

பொட்டாசியம் நைட்ரேட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் கலவையின் முதுகெலும்பு அதுதான். சிவகாசிப் பக்கம் வெடியுப்பு என்று சொல்வதும் இதே பொருள்தான். ஆனால் தொட்டிக்கு, சத்து விகிதம் அச்சிட்ட உரப் பாக்கெட்டையே வாங்குங்கள். நல்ல சரக்கா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். கலக்கக் கலக்க டம்ளர் ஜில்லிட்டு, வெளிப்புறம் வேர்க்கும் அளவுக்குக்கூடப் போகும். இந்த உப்பு கரையும்போது தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். ஒரு ராத்திரி அப்படியே வைத்தால் அடியில் மண்டி தங்கக்கூடாது. மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அது பெரும்பாலும் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். காபி வடிகட்டும் பேப்பரில் வடித்தால் போதும். இன்னொரு சோதனை: இந்தக் கரைசலில் ஒரு சிட்டிகை எம்.கே.பி. போடுங்கள். பால் போல் வெளுத்தால் உங்கள் கைக்கு வந்தது பொட்டாசியம் நைட்ரேட் அல்ல, கால்சியம் நைட்ரேட். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எம்.கே.பி. பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சுத்தமாகக் கரைகிறது, மிகக் கொஞ்சமே போதும், ஒரு கிலோவை ஒருவர் தீர்ப்பது கஷ்டம். நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

சாம்பல்சத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பொட்டாஷ் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் செங்கல் நிறத்தில் ஒரு உப்பு வரும். அது 0-0-60, அதாவது பொட்டாசியம் குளோரைடு. செந்நிறம் அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடால் வருவது. அந்த ஆக்ஸைடு தண்ணீரில் கரையாமல் அடியில் சேறாகத் தங்கும். போர் தண்ணீரில் ஏற்கெனவே குளோரைடு நிறைய இருக்கும் ஊரில் அதை மேலும் ஏற்றுவதில் அர்த்தமில்லை. 0-0-50 என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். இது மெதுவாகத்தான் கரையும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் குலுக்க வேண்டும்.

உரக்கடையில் அதிகம் சிபாரிசு செய்யப்படுவது 19:19:19. எல்லாச் சத்தும் சமமாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா, மீதியில் ஒரு பங்கு அம்மோனியா வடிவம். 12-61-0, டி.ஏ.பி., யூரியா எல்லாமே இதே ரகம். மதுரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும், போர் தண்ணீரின் பிஹெச் 8 பக்கம் நிற்கும். அந்த நிலையில் மொத்த அம்மோனியாவில் ஏழு சதவிகிதத்துக்கு மேல் மீனின் செவுளைப் பதம் பார்க்கும் நச்சு வடிவில் இருக்கும். அதே சூட்டில் பிஹெச் 7 என்றால் ஒரு சதவிகிதம்கூட வராது. தோட்டத்தில் நல்ல உரம், தொட்டியில் விஷம்.

இனி கலவை. 500 மில்லி ஆர்ஓ தண்ணீரில் 13-0-45 உப்பு 40 கிராம், 0-52-34 உப்பு 4 கிராம், 0-0-50 உப்பு 12 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பூன் கணக்கு இங்கே சரிப்படாது, குறிப்பாக எம்.கே.பி.க்கு. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டோஸ் 10 மில்லி, வாரம் மூன்று முறை. ஒரு டோஸில் நைட்ரேட் 4.6 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.5 பிபிஎம்முக்குச் சற்று மேல், பொட்டாசியம் 4.2 பிபிஎம் ஏறும். வாரக் கடைசியில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். இதில் சமரசம் கூடாது. வாரம் பாதி மாற்றினால், செடி ஒரு துளிகூட எடுக்காவிட்டாலும் சேர்மானம் வார டோஸின் இரண்டு மடங்கைத் தாண்டாது. அதாவது நைட்ரேட் 28 பிபிஎம் பக்கம் நின்றுவிடும். அமெரிக்காவின் டாம் பார் பரப்பிய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறையின் அடிப்படைக் கணக்கும் இதுதான். அவருடைய அளவு இதைவிட அதிகம், ஆனால் அது பிரகாசமான விளக்கும் சிலிண்டர் கார்பன் டை ஆக்ஸைடும் உள்ள தொட்டிக்கு. கேஸ் இல்லாமல், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்ற மெதுவாக வளரும் செடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு டோஸ் தாராளம்.

கலக்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். பாட்டில் உரம் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீரும், அதே தெருவில் உள்ள போர் தண்ணீரும் தொட்டியைப் பொறுத்தவரை இரண்டு வேறு ஊர்த் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் நைட்ரேட் உச்சவரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். சாக்கடையும் செப்டிக் டேங்கும் நெருங்கிய பகுதிகளில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் 30-க்கு மேல் இருப்பது ஆச்சரியமில்லை. அப்படியானால் பொட்டாசியம் நைட்ரேட்டை அடியோடு விட்டுவிட்டு, 0-0-50 உப்பை 48 கிராமாக உயர்த்துங்கள். பொட்டாசியம் கணக்கு குறையாது. இந்தக் கரைசலை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உப்பு திரும்பப் படிகமாகிவிடும். டெஸ்ட் கிட் காட்டுவது நைட்ரேட்டா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம்.

ஆர்ஓ தண்ணீர் ஊற்றுபவர்கள் கால்சியமும் மக்னீசியமும் தனியாகச் சேர்க்க வேண்டும். உரக்கடை மக்னீசியம் சல்பேட் 5 கிராம் 100 லிட்டருக்கு மக்னீசியத்தை ஏறக்குறைய 5 பிபிஎம் ஏற்றும். மாற்றும் தண்ணீருக்கு மட்டும் அந்த விகிதத்தில் போடுங்கள், முழுத் தொட்டிக்கும் வாராவாரம் அல்ல. போர் தண்ணீர்க்காரர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

அடுத்தது இரும்பு. மல்லித் தோட்டத்தில் இளம் இலை மஞ்சளானால் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளிப்பார்கள். இலையில் தெளிப்பதால்தான் அங்கே அது வேலை செய்கிறது. அதையே தொட்டியில் போட்டால் சீக்கிரமே துருவாக மாறியும், பாஸ்பேட்டோடு பிணைந்தும் அடியில் இறங்கிவிடும். தொட்டிக்குக் கொக்கி போட்டுப் பிடித்து வைத்த இரும்பு வேண்டும், அதுதான் கீலேட். உரக்கடையில் சுலபமாகக் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. இரும்பு, 12 சதவிகிதம். பிஹெச் 6.5 தாண்டினால் அதன் பிடி தளரும். டி.டி.பி.ஏ. இரும்பு சுமார் 7.5 வரை தாங்கும். ஈ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பு 9 வரைகூடத் தாங்கும், ஆனால் தண்ணீரை ரோஸ் நிறமாக்கும்; வெள்ளை மணல் போட்ட தொட்டியில் பார்க்கச் சகிக்காது. பிஹெச் 8 பக்கம் நிற்கும் மதுரைப் போர் தண்ணீரில் டி.டி.பி.ஏ.வின் பிடியும் முழுசாக நிற்காது; ஆனாலும் தண்ணீரின் நிறத்தைக் கெடுக்காததால் நம் சிபாரிசு அதுதான். தேடி வாங்கும் சிரமம் வீண் போகாது.

உரக்கடை நுண்ணூட்டக் கலவையை ஏன் வேண்டாம் என்கிறோம்? அது நம் மண்ணின் குறையை மனதில் வைத்துச் செய்தது. துத்தநாகம் இரும்புக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும் பாக்கெட்டுகள் சகஜம், செம்பும் கணிசமாக இருக்கும். இரும்புக் கணக்குப் பார்த்து டோஸ் செய்தால் துத்தநாகமும் செம்பும் வாராவாரம் ஏறும். முதலில் அடிபடுவது இறாலும் நத்தையும். மீன்தொட்டிக்கென்று விற்கும் நுண்ணூட்டத் தூளில் இரும்பு 7 சதவிகிதம் பக்கம் இருந்தால், துத்தநாகம் அரை சதவிகிதத்துக்கும் கீழ், செம்பு 0.1 சதவிகிதம் அளவில் இருக்கும். இதை மட்டும் மீன்தொட்டிச் சரக்காகவே வாங்குங்கள். இன்னொரு 500 மில்லி பாட்டிலில் இந்தத் தூள் 5 கிராம், டி.டி.பி.ஏ. இரும்பு 2 கிராம். 100 லிட்டருக்கு 10 மில்லி விட்டால் இரும்பு 0.1 பிபிஎம் கிடைக்கும். முதல் பாட்டில் ஊற்றாத நாட்களில் இதை ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்தால் பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து அடியில் மண்டியாகும். வெளிச்சம் கீலேட்டை உடைக்கும், அதனால் பழுப்புக் கண்ணாடி பாட்டில் நல்லது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க 0.2 கிராம் பொட்டாசியம் சோர்பேட் போடலாம்.

ஊற்ற ஆரம்பித்த பிறகு இலைதான் பேசும். குறை பழைய இலையில் தெரிகிறதா, புதிய இலையில் தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள். அடி இலைகள் முழுக்க மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்து போதவில்லை. ஹைக்ரோஃபிலா செடியின் பழைய இலையில் குண்டூசி குத்தியது போல் ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பொட்டாசியக் குறை. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் பிளேடால் சுரண்டினால்தான் போகும் பச்சைப் புள்ளிப் பாசி வந்தால் பாஸ்பேட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், எம்.கே.பி. 4 கிராமுக்குப் பதில் 6 கிராம். ஓட்டை விழுந்த பழைய இலை ஆறாது. அடுத்து வரும் இலைகளைப் பார்த்தே முடிவெடுங்கள், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் கரைந்து போவதற்கும் உரத்துக்கும் சம்பந்தமில்லை.

கறுப்புத் தாடிப் பாசி வந்தால் உரத்தைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு. அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி இறங்குவதால் வருவது. உரத்தைக் குறைத்தால் செடி மேலும் தளர்ந்து பாசிக்கு இடம் விடும். சித்திரை வைகாசியில் தண்ணீர் சூடேறும்போது விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள், டோஸைக் கூட்டாதீர்கள்.

விலைக் கணக்கும் பார்த்துவிடலாம். சில நூறு ரூபாய்க்கு வரும் ஒரு கிலோ 13-0-45 பாக்கெட்டில் இந்தக் கரைசல் 25 பாட்டில் தயாரிக்கலாம். ஒரு பாட்டில் 50 டோஸ், 100 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய நான்கு மாதம். பாட்டில் உரத்தின் சௌகரியம் மறுக்க முடியாதது. 20, 30 லிட்டர் தொட்டி ஒன்று மட்டும் வைத்திருப்பவர் தராசு வாங்கி உப்பு நிறுப்பதைவிடப் பாட்டில் வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் லேபிளில் சத்து அளவு எதுவும் போடாமல், கலர் தண்ணீராக நிற்கும் "செடி டானிக்" எந்த விலைக்கும் வேண்டாம். என்ன போகிறது என்று தெரியாமல் எதையும் சமன் செய்ய முடியாது.

பிரித்த பாக்கெட்டை ஐப்பசி மழைக்கு முன் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். மூன்றும் பார்க்கச் சமையல் உப்பு மாதிரியே இருக்கும், ஆகவே அடுக்களையில் வைக்காதீர்கள். 13-0-45 தீயை வளர்க்கும் உப்பு. அடுப்புக்கும் ஊதுவத்திக்கும் எட்டாத அலமாரியில், குழந்தைகள் கைபடாமல் வையுங்கள்.