தீக்கதவுக்கு ஒரு காந்தம்: எட்டு மாதம் வைத்துப் பார்த்த பிறகு

கல்லூரி நூலகத்தில் புத்தக வண்டி தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தீக்கதவின் கனம் தெரியும். எங்கள் இரண்டாம் மாடியில் லிஃப்டும் படிக்கட்டும் ஒரே பக்கம். அவற்றுக்கும் வாசிப்பு அறைக்கும் நடுவில், தீயும் புகையும் பரவாமல் தடுக்க, தானாக மூடிக்கொள்ளும் கதவு ஒன்று. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அதன் வழியாகப் போய்வர வேண்டும். ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்து, இன்னொரு கையால் வண்டியை நகர்த்தினால் சக்கரம் நிலையில் இடிக்கும், மேலே அடுக்கிய புத்தகங்கள் சரியும். அதனால் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். கட்டை காணாமல் போன நாட்களில் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி முட்டாக வைத்தோம். வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

போன வருஷம் கீழ்த்தளத்து நகல் எடுக்கும் அறையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று உருகித் தீப்பிடித்துக்கொண்டது. அதில் காப்பி மெஷினும் தண்ணீர் கெட்டிலும் செருகியிருந்தன. மெஷின் சூடாகும்போது சுமார் 1500 வாட், கெட்டில் 2000 வாட். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுக்கும். பாக்ஸின் அடியில் எழுதியிருந்தது 10 ஆம்பியர். அந்த லைனில் இருந்த எம்சிபி, அதாவது மின்சாரம் அளவை மீறினால் தானாக விழுந்து நிறுத்தும் சுவிட்ச், 16 ஆம்பியர் என்பதால் அது விழவே இல்லை. எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. நாம் கடையில் வாங்கிச் செருகும் பாக்ஸ் எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. இதை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

தீ சின்னதுதான், ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் பிளாஸ்டிக் எரிந்த கறுப்புப் புகை படிக்கட்டு வழியாக ஏறி, நான் முட்டுக் கொடுத்திருந்த கதவு வழியாக வாசிப்பு அறைக்குள் நுழைந்தது. பரீட்சை நேரம், அறை நிறைந்திருந்தது. இருமிக்கொண்டே எழுந்த பிள்ளைகள் வழக்கமாக இறங்கும் படிக்கட்டுக்கே ஓடினார்கள், புகை இருந்ததும் அங்கேதான். பின்பக்கப் படி வழியாக எல்லோரையும் இறக்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் இதைப்பற்றித் தேடிப் படித்தேன். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். தீ பரவியதற்கு முக்கியக் காரணம் வெளிச்சுவரில் பதித்திருந்த பலகைகள். ஆனால் பல வீட்டுக் கதவுகளில் தானாக மூடும் கருவி இல்லாமலோ பழுதாகியோ இருந்ததால் புகை பொது நடைவழியில் நிறைந்ததையும் விசாரணை அறிக்கை சொல்கிறது. கதவை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. தீப்பிடிக்கும் நேரத்தில் அது மூடியிருக்க வேண்டும்.

நாங்கள் வாங்கியது கதவைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும் மின்காந்தம். உள்ளங்கை அளவுள்ள காந்தம் சுவரில், வட்டமான இரும்புத் தகடு கதவில். 24 வோல்ட் மின்சாரம் ஓடும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். தீ அலாரம் அடித்ததும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் அந்த மின்சாரத்தை வெட்டிவிடும், மேலே உள்ள டோர் குளோசர் கதவை இழுத்து மூடும். ஒயர் எரிந்து அறுந்தாலும் மூடிக்கொள்ளும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியும் இப்போது தடையில்லாமல் போகிறது. மரக்கட்டைக்குத் தேவையே இல்லை.

இதை மாட்டிக்கொடுத்தவர்களைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியாது. வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் அலாரம் சோதனை நடந்தபோது கட்டடம் முழுக்க மணி அடிக்கிறது, கதவு அசையவே இல்லை. பார்த்தால், அலாரம் பேனலுக்கு ஒயர் இழுக்காமல் பக்கத்துச் சுவிட்ச் போர்டில் ஒரு அடாப்டரைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் மட்டும் கதவு மூடும், தீப்பிடித்தால் மூடாது. என் மரக்கட்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கட்டையையாவது பார்த்தால் தப்பு என்று தெரியும். இது பார்வைக்கு ஒழுங்காக இருந்து ஏமாற்றியது. மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வந்து சரிசெய்தார்கள். வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: அலாரத்தை அடிக்கவிட்டு, கதவு மூடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கதவை விடுவிக்கக் காந்தத்திலுள்ள பட்டனை அமுக்கிக் காட்டினால் போதாது, பட்டன் அடாப்டரிலும் வேலை செய்யும்.

கதவு முழுக்க மூடுகிறதா என்பதையும் பாருங்கள். எங்களுடையது இரண்டு அங்குலம் மிச்சம் வைத்து நின்றது, தாழ்ப்பாள் விழவில்லை. அந்த இடைவெளி புகைக்குத் தாராளம். குளோசரிலுள்ள திருகைக் கொஞ்சம் திருப்பியதும் 'டக்' என்று விழுந்தது. மூன்றாம் மாதம் இரும்புத் தகட்டின் திருகு தளர்ந்தது. பட்டனை அமுக்காமல் கதவைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறவர்கள் இருக்கும்வரை அது தளரத்தான் செய்யும். கதவு மூடும் பாதையில் வண்டியை நிறுத்துவது இன்னொரு பழக்கம். தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு வளைவு வரைந்தேன், அதற்குள் இப்போது யாரும் எதுவும் வைப்பதில்லை.

பொருளுக்கு ஐந்தில் நான்கு தருவேன். பேனலில் பேட்டரி இல்லாத கட்டடமாக இருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் கதவு அடித்துக்கொள்ளும், அந்தத் தொந்தரவைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அலாரம் பேனலே இல்லாத இடத்தில் இதை மாட்ட வேண்டாம், கதவு மூடியே இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் பட்டனை அமுக்கி, கதவு விழுந்து தாழ் பிடிக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறேன். சிலிண்டர் மறுபடியும் சுவரில் அதன் கொக்கியில் தொங்குகிறது. முதல் மாடியிலுள்ள இரண்டு கதவுகளுக்கு இன்னும் காந்தம் வரவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன். அங்கே வைத்திருக்கும் கட்டைகளைப் பகலில் பார்க்கும்போதெல்லாம் உருவிவிடுகிறேன், சாயங்காலம் பூட்டப் போகும்போது மறுபடியும் இருக்கின்றன.