ஆன் செய்தாலே விழும் சிஸ்டம்: ரிப்பேர், ரீஸ்டோர், ரீசெட், ஃபார்மட் - எது எப்போது?

வீட்டுக் கணினி ஆன் செய்ததும் புளூ ஸ்கிரீன் காட்டி, தானே ரீஸ்டார்ட் ஆகி, திரும்பவும் அதே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால், யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுடுங்க" என்பதுதான். பல நேரம் அதில் சரியாகியும் விடும், மறுப்பதற்கில்லை. ஆனால் இருக்கிற வழிகளிலேயே அதிகமாக அழிப்பதும் அதுதான். பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கல்யாண ஃபோட்டோ, கடைக் கணக்கு எல்லாம் பெரும்பாலான வீடுகளில் சி டிரைவிலும் டெஸ்க்டாப்பிலும்தான் கிடக்கின்றன, வேறெங்கும் நகல் இருக்காது. அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் நான் எடைபோடுகிறேன்: இது எந்தக் கோளாறைச் சரிசெய்யும்? செய்தால் என்னவெல்லாம் போகும்?

அதற்கும் முன்னால், கணினி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள். கம்பெனி லோகோ வருவதற்கு முன்பே அணைந்தால், அல்லது ஃபேன் சுற்றுவதும் நிற்பதுமாகவே இருந்தால், விண்டோஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அர்த்தம். அப்போது ரிப்பேர், ரீசெட், ஃபார்மட் எதைப் பற்றியும் பேசிப் பயனில்லை, ராமையோ, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையோ சந்தேகப்பட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் விளிம்பை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பது செலவே இல்லாத சோதனை. லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றும்போது விழுந்தால் டிஸ்க், பூட் ஃபைல் (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைல்), டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருள்) என்று சந்தேகம் போக வேண்டும். பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போன பிறகு விழுந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், ஆன்ட்டிவைரஸ், இல்லையென்றால் தானாகத் தொடங்கும் ஏதோ ஒரு மென்பொருள். புளூ ஸ்கிரீனே வராமல் சட்டென்று மொத்தமும் இருண்டுபோனால் சூடு அல்லது மின்சாரம்.

புளூ ஸ்கிரீன் வந்தால் அதிலிருக்கும் ஸ்டாப் கோடை, அதாவது என்ன கோளாறு என்று சொல்லும் குறியீட்டை, ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று இருந்தால் விண்டோஸால் தன்னுடைய டிஸ்க்கையே எட்ட முடியவில்லை. இதற்கு ஒரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போனால், மெயின் சுவிட்சை அணைக்கும்போது பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் சொந்த மென்பொருள்) தன் பழைய அமைப்புகளை மறந்துவிடும். அதில் டிஸ்க்கோடு பேசும் விதத்தைச் சொல்லும் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ-யிலிருந்து வேறொன்றுக்கு மாறியிருந்தால், நேற்றுவரை நன்றாக ஓடிய விண்டோஸ் இன்று இதே கோடைக் காட்டி விழும். கணினியின் கடிகாரமும் சேர்ந்து பழைய தேதியைக் காட்டினால் இந்தச் சந்தேகம் பலமாகிறது. பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த ஒரு அமைப்பைப் பழையபடி வைத்தால் போதும். இந்த ஒன்று தெரியாமல் ஃபார்மட் ஆகும் கணினிகளை நினைத்தால் வயிறெரிகிறது.

சரி, விண்டோஸ் தரும் வழிகளுக்கு வருவோம். தொடர்ந்து இரண்டு முறை தொடங்க முடியாமல் போனால் அடுத்த முறை நீலத் திரையில் ரிப்பேர் மெனு தானாகவே வரும். அதில் முதலில் கண்ணில் படுவது ஸ்டார்ட்-அப் ரிப்பேர். ஃபைல் எதுவும் போகாது, பெரிதாக நேரமும் எடுக்காது. பூட் ஃபைல் கெட்டிருந்தால், உதாரணமாக அப்டேட் நடுவில் கரண்ட் போய் அப்படியே நின்றிருந்தால், இது உதவக்கூடும். ஆனால் டிரைவர் தகராறிலும் ஹார்ட்வேர் கோளாறிலும் இதற்குப் பெரும்பாலும் கை நீளாது, 'சரிசெய்ய முடியவில்லை' என்று சொல்லித் திரும்ப அதே மெனுவில் கொண்டுவந்து விடும். ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், பலிக்கவில்லையென்றால் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதே மெனுவில் இன்னும் நாலு கிளிக் உள்ளே ஒளிந்திருக்கும் சேஃப் மோடுக்குத்தான் என் ஓட்டு. ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸுக்குப் போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்தினால், விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பும். அது தானாக எதையும் சரிசெய்யாது, ஆனால் யார் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும். சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது, சாதாரணமாக விழுகிறது என்றால் டிஸ்க்கும் ராமும் பெரும்பாலும் தப்பித்தன, நீங்களோ அப்டேட்டோ கடைசியாகப் போட்ட ஏதோ ஒன்றுதான் காரணம். அதை அன்இன்ஸ்டால் செய்யலாம், டிவைஸ் மேனேஜரில் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். உள்ளே வந்த கையோடு முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் ஏற்றியும் விடலாம்.

இதன் அருமை உலகத்துக்கே தெரிந்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரே ஒரு தவறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஆன் ஆகும்போதே விழுந்தன. விமான நிலையம், மருத்துவமனை, வங்கி எல்லாம் முடங்கின. அதற்குத் தீர்வாகச் சொல்லப்பட்டது ஃபார்மட் கிடையாது. சேஃப் மோடிலோ ரிப்பேர் மெனுவின் கமாண்ட் பிராம்ப்டிலோ நுழைந்து அந்த ஃபைலை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வதுதான். பலரைத் தடுத்து நிறுத்தியது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த ஜோடி, சிஸ்டம் ரீஸ்டோரும் அப்டேட்டை நீக்குவதும். விழ ஆரம்பித்தது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என்று உறுதியாகத் தெரிந்தால் இரண்டாவதையே எடுங்கள், குறி தப்பாது, வேறெதையும் தொடாது. பெரிய பதிப்பு அப்டேட் என்றால் திரும்பிப் போக வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். எதனால் என்று தெரியவில்லை, ஆனால் போன வாரம் நன்றாக ஓடியது என்றால் ரீஸ்டோர் நல்லது. சொந்த ஃபைல்களைத் தொடாது, அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருளும் டிரைவரும் மட்டும் போகும். ஒரே குறை, ரீஸ்டோர் பாயின்ட், அதாவது விண்டோஸ் முன்பே எடுத்துவைத்த தன் நிலையின் பதிவு, இருந்தால்தான் இது நடக்கும். பல கணினிகளில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே கிடப்பதால் தேவைப்படும் நேரத்தில் பட்டியல் காலியாக இருக்கும்.

இதற்கு மேலே போகிற வழிகள் பெரும்பாலும் எதையாவது அழிக்கும். அதனால் அதைத் தொடுவதற்கு முன், வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ்கள்) ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம், 'டிரை' என்ற நிலையிலேயே ஓடட்டும். இதில் இரண்டு காரியம் முடியும். ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடலாம். அப்புறம், அப்படியே ஒரு மணி நேரம் யூடியூப் ஓடவிட்டால் ராம், எஸ்எம்பிஎஸ், சூடு பற்றியும் ஓரளவு தெரிந்துவிடும். லினக்ஸிலும் அணைந்து விழுந்தால் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் வீண். நன்றாக ஓடினால் டிஸ்க்கோ விண்டோஸோ இரண்டில் ஒன்று. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் அங்கேயே பாருங்கள். மாற்றப்பட்ட செக்டர்களும் (டிஸ்க்கின் சின்னச் சின்னச் சேமிப்புப் பகுதிகள்) படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் பூஜ்யத்துக்கு மேலே ஏறிக்கொண்டே இருந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக்டிஸ்க்கைப் பேட் செக்டர் தேடச்சொல்லி ஓடவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுக்கப் படிக்கவைத்தால், நகலெடுக்க இருந்த கொஞ்ச உயிரும் அதில் போய்விடக்கூடும்.

இப்போது ரீசெட்டா, புதிதாக விண்டோஸ் போடுவதா? ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது, ஆனால் அது காப்பாற்றுவது உங்கள் சொந்த ஃபைல்களை மட்டுமே. நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், நீக்கியவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் ரீசெட் நல்ல தேர்வு. அதிலும் லோக்கலைவிட கிளவுட் டவுன்லோட் மேல். சுமார் 4 ஜிபி இறக்க வேண்டியிருந்தாலும் புது நகல் வருகிறது, கணினியில் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கும் ஃபைல்களை வைத்தே திரும்பக் கட்டுவதில்லை. டிஸ்க் பழுது என்றால் ரீசெட் பாதியில் நின்று, முன்பு இருந்த நிலையும் இல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

புதிதாகப் போடுவதற்கு 8 ஜிபி பென்டிரைவும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். அசல் விண்டோஸ் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த அதே மதர்போர்டு என்றால், சாவி கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடலாம், இன்டர்நெட் கிடைத்ததும் பழைய உரிமத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். ஆனால் என் விருப்பம், இதைப் பழைய டிஸ்க்கில் செய்யாமல் ஒரு புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி அதில் செய்வது. பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டால் எதுவுமே அழிவதில்லை. எல்லாம் சரியான பிறகு யுஎஸ்பி கேபிளில் மாட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடிய கணினிக்கு வேகமும் கூடும். செலவு உண்டுதான், அந்த ஒரு குறையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இது மற்ற வழிகளை ஜெயிக்கிறது.

பிட்லாக்கர் விஷயம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. அப்படிப் பூட்டிய டிஸ்க்கை லினக்ஸ் பென்டிரைவிலிருந்தும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும், ஃபோனில் நுழைந்து பார்க்கலாம். யாருடைய ஈமெயிலில் கணக்கு தொடங்கினீர்கள் என்பது ஞாபகம் இருக்க வேண்டும், கடைக்காரர் ஏதோ ஒரு ஐடியில் தொடங்கிக் கொடுத்திருந்தால் சிக்கல்தான்.

கடை என்றதும் சொல்லிவிடுகிறேன், கடைக்கே போகக் கூடாது என்பது என் கட்சி இல்லை. எஸ்எம்பிஎஸ் சோதிப்பது, மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டரை மாற்றுவது, லேப்டாப்பைப் பிரிப்பது எல்லாம் அவர்கள் வேலைதான், அவர்களிடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேறு ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கும், நம்மிடம் இருக்காது. கொடுக்கும்போது "என்கிட்ட கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்று வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். ஸ்டாப் கோடின் படத்தைக் காட்டுங்கள்.

இன்னும் விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும் என்கிறது. அதற்கும் பழைய கணினியில் மெனக்கெட்டு விண்டோஸ் 10-ஐயே திரும்பப் போடுவதைவிட, வீட்டில் பிரவுசரும் வீடியோவும் கடிதம் அடிப்பதும் மட்டும்தான் வேலை என்றால், சோதனைக்குப் போட்ட அந்த லினக்ஸ் மின்டையே எஸ்எஸ்டியில் நிறுவிவிடலாம். 4 ஜிபி ராம் இருந்தால் ஓடும், லினக்ஸில் பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். கணக்கு மென்பொருளான டேலியோ விண்டோஸில் மட்டும் ஓடும் வேறு மென்பொருளோ தேவை என்றால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது.