உலோகத் தகட்டில் பொறித்த கியூஆர் குறியீடுகள் 14 நாளில் செயலிழந்த கதை: அச்சிடும் முன் இதைப் படியுங்கள்

நண்பர்கள் சிலருடன் சேர்ந்து நான் பராமரித்து வரும் பழைய கைத்தொழில் கருவிகளின் தொகுப்பில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கியூஆர் குறியீட்டைப் பொருத்தி, அதை ஸ்கேன் செய்பவர் அக்கருவியைக் கையாண்டவரின் குரல் பதிவைக் கேட்கும்படி செய்ய விரும்பினோம். ‘முற்றிலும் இலவசம்’ என்று அறிவித்திருந்த ஓர் இணையச் சேவையில் இருநூறுக்கும் மேற்பட்ட குறியீடுகளை உருவாக்கி, உலோகத் தகடுகளில் பொறித்துப் பொருத்தினோம். 14 நாட்கள் கழிந்ததும், எந்தத் தகட்டை ஸ்கேன் செய்தாலும், குறியீடு முடக்கப்பட்டிருக்கிறது, உரிமையாளர் சந்தா செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பே வந்தது.

முதலில் தகடு பொறித்தவரைச் சந்தேகித்தோம். அது நியாயமற்றது. கியூஆர் குறியீட்டிலேயே பிழைதிருத்தத் தரவு சேர்ந்திருப்பதால், அதன் உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் படித்துவிட முடியும். எங்கள் தகடுகளில் ஒரு கீறல்கூட இல்லை. கைபேசியின் கேமரா, பக்கத்தைத் திறக்கும் முன் காட்டும் முகவரியை நிதானமாகப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது: அந்தக் கட்டங்களுக்குள் எங்கள் இணையதளத்தின் முகவரி இல்லவே இல்லை. அந்தச் சேவையின் குறுமுகவரியே இருந்தது. ஸ்கேன் செய்பவர் முதலில் அவர்களுடைய சர்வருக்குப் போய், அவர்கள் அனுமதித்தால் மட்டுமே எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்வார். இதை டைனமிக் குறியீடு என்கிறார்கள். பொறித்த பின்பும் சேரிடத்தை மாற்றலாம் என்பதால் அது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அதைத்தான் தருகிறோம் என்பதையும், அது சில நாள் சோதனைக்கு மட்டுமே என்பதையும் உருவாக்கும் பக்கத்தில் சொல்லாமல் விட்டது ஏமாற்றுதான். மூன்று முறை முறையிட்டோம்; மூன்று முறையும் கட்டணப் பக்கத்தின் இணைப்பே பதிலாக வந்தது.

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய இந்தக் குறியீட்டைப் பயன்படுத்த எவருக்கும் கட்டணம் கிடையாது. முகவரியை நேரடியாகக் கொண்ட ஸ்டாட்டிக் குறியீட்டுக்குக் காலாவதி என்ற ஒன்றே இல்லை. அதைத் தயாரித்துத் தந்த சேவை நாளை மூடப்பட்டாலும் அது படிக்கப்படும்.

ஆகவே, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மாதிரியை ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் முகவரி உங்களுடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்னர் மாற்றும் வசதி தேவையென்றால், உங்கள் சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் பதிவான இணையதளப் பெயரில், பொருளுக்கு ஒரு சிறு முகவரி அமைத்து, அங்கிருந்து நீங்களே திசைதிருப்புங்கள். முகவரி குறுகியதாக இருந்தால் கட்டங்களும் குறையும், சிறிய தகட்டிலும் தெளிவாகப் படிக்கும். குறியீட்டின் கீழே பொருளின் எண்ணையும் கண்ணால் படிக்கும்படி பொறித்துவிடுங்கள். கைபேசியை அருகில் கொண்டுசென்றாலே முகவரியைத் திறக்கும் என்எஃப்சி சில்லு ஒட்டுபவர்களும் அதில் எழுதப்படும் முகவரியை இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

எனக்கு இன்னமும் ஆறாதது ஒன்று உண்டு. தன் இழைப்புளியைத் தொகுப்புக்குத் தந்த முதிய தச்சர், தன் குரலைப் பேத்திக்குக் கேட்கச் செய்ய வந்த நாளில் தகடு கட்டணப் பக்கத்தைத்தான் திறந்தது. புதிய தகடுகளில் முதலாவதை அந்த இழைப்புளிக்கே பொருத்தினோம். மற்றக் கருவிகளின் பழைய தகடுகளில் பாதிக்கு மேல் இன்னும் காகிதத்தால் மூடப்பட்டே கிடக்கின்றன.