கம்பியில்லா வேக்குவம்: பெட்டியில் போட்ட எண்ணும் வீட்டில் கிடைக்கும் இழுவையும்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பாஸ்கல் எண்ணைப் பார்த்துக் கம்பியில்லா வேக்குவம் கிளீனர் வாங்காதீர்கள். 20,000 பாஸ்கல், 25,000 பாஸ்கல் என்பதெல்லாம் குழாயின் வாயை முழுக்க அடைத்து, காற்றே ஓடாத நிலையில் அளந்த அழுத்தம். காற்று ஓடாவிட்டால் தூசி நகராது. அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் பெருக்கி வரும் ஏர்வாட்தான் தரையில் கிடைக்கும் இழுவையைச் சொல்லும். 10,000 பாஸ்கல் அழுத்தத்தில் நொடிக்கு 10 லிட்டர் காற்று ஓடினால் 100 ஏர்வாட். 2016-ல் டைசன் நிறுவனத்தின் வி8 மாடல் வந்தபோது அதற்குச் சொன்ன அளவு 115 ஏர்வாட். டைல்ஸ் தரைக்கு அது தாராளம். ஏர்வாட் கணக்கே தராமல் பாஸ்கலை மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினில் தூசி சேரும் டப்பாவைத் திறந்து உள்ளே பாருங்கள்.

ஒற்றைச் சுழலா, பல்சுழலா

விலை குறைந்த மெஷின்களில் கண்ணாடி போன்ற டப்பா, நடுவே ஒரு சல்லடைக் கூம்பு, அதற்குள் ஒரு ஸ்பாஞ்சு, பொடித்தூசியைப் பிடிக்கும் ஒரு ஹெப்பா ஃபில்டர், அவ்வளவுதான். காற்று ஒரு சுற்று சுற்றும். முடியும் மண்ணும் கீழே விழும். பொடித்தூசி நேராக ஃபில்டரில் போய் உட்காரும். விலை கூடியவற்றில் சல்லடைக்கு மேலே குட்டிக் கூம்புகள் வட்டமாக நிற்கும். டைசன் வி8-ல் 15 கூம்பு, அதே நிறுவனத்தின் வி12-ல் 11. குறுகிய கூம்புக்குள் காற்று வேகமாகச் சுழலும்போது பொடித்தூசியும் சுவருக்குத் தள்ளப்பட்டுக் கீழே இறங்கிவிடும். ஃபில்டருக்குப் போவது மிச்சம் மீதிதான்.

வாங்கிய அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றாவது வாரம் தெரியும். எவ்வளவு தெரியும் என்பது உங்கள் வீட்டுத் தூசியைப் பொறுத்தது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல்தான் அதிகம் என்றால் ஒற்றைச் சுழலே போதும்; மணல் கனமானது, தானே விழுந்துவிடும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, பூஜை அறையில் விபூதியும் ஊதுபத்திச் சாம்பலும் கொட்டுகின்றன, வாசல் கோலமாவு காலோடு உள்ளே வருகிறது என்றால் பல்சுழலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். இந்தப் பொடிகள் ஃபில்டர் மடிப்புகளை அடைக்கும் வேகம் சாதாரண வீட்டுத் தூசிக்குக் கிடையாது. சுவருக்குப் பட்டி தேய்த்த தூசியையும் சிமென்டையும் மட்டும் எந்த மெஷினிலும் இழுக்காதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

பேட்டரிக் கணக்கு

பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று தெரிய, அதில் போட்டிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 21.6 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 43 வாட்-அவர். 25.2 வோல்ட், 2.5 என்றால் 63. மோட்டார் அதிகபட்ச வேகத்தில் 400 வாட் இழுத்தால், 63 வாட்-அவர் பேட்டரி ஒன்பது நிமிடத்தில் காலி. பெட்டியில் போட்டிருக்கும் 40, 60 நிமிடம் எல்லாம் மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு. இரண்டு பெட்ரூம் வீட்டின் தரைக்கு நடுத்தர வேகத்தில் 20 நிமிடம் கிடைத்தால் போதும். மெத்தை, சோபாவுக்கு மட்டும் அதிக வேகம் வையுங்கள்.

நேரத்தைவிட முக்கியம், பேட்டரி எப்படிக் கழன்று வருகிறது என்பது. பட்டனை அழுத்தினால் வருவது சிறப்பு. வி12, வி15 அப்படி. ஸ்க்ரூ கழற்றினால் வருவது பரவாயில்லை, வி8 அப்படி. உடலுக்குள்ளேயே வைத்து மூடியது என்றால் மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி தளரும்போது மெஷினையே தூக்கிப்போட வேண்டியிருக்கும். விலை பாதிதானே என்று அதை வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

தலைப்பகுதி

நம் வீடுகளில் டைல்ஸ், மொசைக், கிரானைட்தான். கார்ப்பெட்டுக்கான முரட்டு நைலான் பிரஷ் இந்தத் தரையில் அரிசி, பருப்பை உறிஞ்சுவதற்கு முன்பே சிதறடிக்கும். வெல்வெட் போன்ற மெத்தென்ற ரோலர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது தரையோடு ஒட்டி உருண்டு பொடியையும் எடுக்கும், பருப்பையும் உள்ளே விழுங்கும். ஒரு தலைதான் கிடைக்கும் என்றால் மெத்தென்றதையே எடுங்கள். மாப் போட்ட ஈரம் காயாமல் மட்டும் ஓட்டக்கூடாது.

எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். ஃபேன் இறக்கை, பரண், கொசுவலை என்று தலைக்கு மேலே பிடிக்கும்போது 3 கிலோவுக்கும் இரண்டேகால் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளில் தெரியும். வி12 இலகுவானது, ஆனால் அதன் டப்பா 0.35 லிட்டர்தான், இலவம்பஞ்சு மெத்தை இரண்டைத் தட்டினாலே கொட்ட வேண்டியிருக்கும்.

இழுவை குறைந்தால்

முதலில் ஒரு கேள்வி: குறைந்தது இழுவையா, நேரமா? முழு நேரமும் ஓடுகிறது, ஆனால் தூசி ஏறவில்லை என்றால் காற்றுப் பாதையில் அடைப்பு அல்லது கசிவு. இழுவை நன்றாக இருந்து ஐந்து நிமிடத்தில் அணைந்தால் பேட்டரி. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேட்டரியை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

காற்றுப் பாதைதான் என்றால், தலையையும் நீளக் குழாயையும் கழற்றிவிட்டு மெஷினின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். பலமாக இழுத்தால் அடைப்பு குழாயிலோ தலையிலோ இருக்கிறது. குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரிந்துவிடும். உள்ளங்கையிலேயே இழுவை குறைவாக இருந்தால் ஃபில்டர், சல்லடை, அல்லது டப்பாவின் ரப்பர் வளையம். மோட்டார் விட்டு விட்டு உறுமினால் காற்று போதாமல் திணறுகிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டாதீர்கள், சூடேறும்.

சல்லடைதான் பலரும் மறக்கும் இடம். இலவம்பஞ்சும் புதுப் பூந்துடைப்பத்திலிருந்து உதிரும் பூவும் அதன் துளைகளில் கம்பளி போலப் படியும். காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டால் போதும். டப்பாவை மேக்ஸ் கோடு வரை நிறைய விடாமல் முக்கால் பங்கிலேயே கொட்டுங்கள். மூடும்போது மூடியின் ரப்பரில் ஒரே ஒரு முடி மாட்டியிருந்தாலும் காற்று கசியும்.

ஃபில்டரைக் கழுவும் முன் அது கழுவக்கூடியதா என்று கையேட்டில் பாருங்கள். காகித மடிப்பு ஹெப்பா தண்ணீர் பட்டால் கெட்டுவிடும், அதைக் குப்பைத்தொட்டி மேல் தட்டி எடுப்பதோடு சரி. கழுவக்கூடியதை மாதம் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில், சோப்பு போடாமல், கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். உப்பு காய்ந்து துளைகளில் படிந்தால் அதுவே ஒரு அடைப்பு. உதறிவிட்டு ஃபேன் காற்றில் குறைந்தது 24 மணி நேரம் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஈரத்தோடு மாட்டினால் கோலமாவு அதில் பசையாகப் பிடிக்கும், நாற்றமும் வரும், ஈரம் மோட்டாருக்கும் போகும். அதனால் மெஷின் வாங்கும்போதே இரண்டாவது ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அது தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நீளமான முடி உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை ரோலரைத் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் ஓரத்துப் பூட்டை ஒரு நாணயத்தால் திருப்பினால் ரோலர் கழன்று வரும். சுற்றிய முடியைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டுங்கள். இரண்டு முனைகளிலும் பேரிங் பக்கம் சுருண்ட முடியை விட்டுவிட்டால் ரோலர் இறுகி, மோட்டாருக்குச் சுமை கூடும்.

பேட்டரிக்குச் சூடு ஆகாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. கத்திரி வெயிலில் மேற்குப் பார்த்த பால்கனிச் சுவர் அதைச் சுலபமாகத் தாண்டும். சார்ஜ் ஸ்டாண்டை உள் அறையில் அடியுங்கள். ஓட்டி முடித்ததும் சூடோடு சார்ஜில் மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள்.

எதை எடுப்பது

ஒரு பெட்ரூம், மணல்தான் தொல்லை என்றால் ஒற்றைச் சுழல், ஆனால் கழற்றும் பேட்டரியோடு. இரண்டு மூன்று பெட்ரூம், பூஜை அறை, பக்கத்தில் கட்டட வேலை என்றால் பல்சுழல், 60 வாட்-அவருக்குக் குறையாத பேட்டரி, மெத்தென்ற ரோலர். மூன்று மெத்தை, பெரிய சோபா, கார் என்று இழுக்க வேண்டியது அதிகமாக இருந்தால் கம்பி உள்ள மெஷினே நல்லது. பாதி விலையில் நாள் முழுக்க ஒரே இழுவை கிடைக்கும்.